பால் வருதான்னு கேக்கறதுக்கு முன்னாடி தூக்கம் வருதான்னு கேளுங்க

எனக்கு ரெண்டாவது பையன் பொறந்து தாய் வீட்ல இருந்தப்ப பாக்க வந்தவங்க எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், பால் வருதா, பால் பத்துதா. பெரிம்மா கேட்டாங்க, எதிர் வீட்டு அக்கா கேட்டாங்க, மீன் கொண்டு வர்ற ஆயா கூட கூடைய எறக்கி வெச்சிட்டு பால்சுறா எடுத்துக்கம்மா நல்லா ஊறும்னு சொல்லிட்டுப் போனாங்க. யாரும் உனக்கு தூக்கம் வருதான்னு கேக்கல. எனக்கு வரல. குழந்தை தூங்குது, அம்மா தூங்கறாங்க, ஃபேன் ஓடுது, நான் மட்டும் செவுத்த பாத்துட்டு படுத்திருப்பேன். எங்க அம்மா வீடு கடலூர் முதுநகர்ல, விடியக்காலம் துறைமுகத்துலேர்ந்து படகு கெளம்பற சத்தம் வீட்டுக்கு கேக்கும், அந்த சத்தம் வந்தா சரி இன்னிக்கும் தூங்கலன்னு அர்த்தம். இருபது நாள் அப்படியே போச்சு. அது பிரசவத்துக்கப்புறம் வர்ற டிப்ரஷன், அதாவது மனச்சோர்வு நோய்னு அப்ப எங்க யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம் நடந்தது, நாங்க லேட்டா தெரிஞ்சிக்கிட்டது, முன்னாடியே தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்போம்னு தோணினது எல்லாத்தையும் எழுதறேன். கடலூர் பாண்டி பக்கம் வீட்ல கர்ப்பமா ஒரு பொண்ணோ பச்ச உடம்புக்காரி ஒருத்தியோ இருந்தா உபயோகப்படும்.

முதல்ல கேக்கற விதம். "நல்லாருக்கியா"ன்னு கேட்டா "நல்லாருக்கேன்"னுதான் பதில் வரும், அதுவும் மாமியார் பக்கத்துல உக்காந்திருந்தா வேற என்ன சொல்ல முடியும். தனியா இருக்கும்போது, தலைக்கு எண்ணெய் வெக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, மூஞ்ச மூஞ்ச பாக்காம பேசற மாதிரி ஒரு நேரத்துல கேளுங்க, "குழந்தை தூங்கும்போது உனக்கு தூக்கம் வருதா?" குழந்தை எழுந்திரிக்கறதால தூக்கம் கெட்டுப் போறது எல்லா வீட்லயும் இருக்கறதுதான். குழந்தையும் தூங்குது, பாத்துக்க ஆளும் இருக்கு, உடம்பு ஓய்ஞ்சு போய் கெடக்கு, அப்பவும் தூக்கம் வரலன்னா அது வேற விஷயம், மனசு எங்கயோ மாட்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அடுத்து "எதையாவது நெனச்சு பயப்படறியா?" கடைசியா, கஷ்டமா இருந்தாலும், "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" இப்படி கேட்டா இல்லாத நெனப்ப நாமளே கெளப்பி விட்டுடுவோமோன்னு எங்க அம்மா பயந்தாங்க. அப்படி ஆகாது. யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருக்கறவங்களுக்கு அந்தக் கேள்வி பெரிய ஆறுதல், நான் அதை அனுபவிச்சு சொல்றேன்.

பிரசவமாகி மூணாம் நாள் நாலாம் நாள் அழுகை வரும், காரணமே இருக்காது, டிவில விளம்பரம் பாத்தா கூட கண்ணு கலங்கும், இது பாதிக்கு மேல அம்மாக்களுக்கு வரும். உடம்புல ஹார்மோன் சட்டுனு எறங்கறது, தூக்கம் இல்லாதது, தையல் வலி எல்லாம் சேர்ந்து வர்றது. டாக்டருங்க பேபி ப்ளூஸ்னு சொல்வாங்க. ரெண்டு வாரத்துல தானா போயிடும், மாத்திரை வேணாம், கூட ஒரு ஆள் இருந்து சாப்பாடும் தூக்கமும் கெடைச்சா போதும். ரெண்டு வாரம் தாண்டியும் போகல, இல்ல நாளாக நாளாக அதிகமாகுதுன்னா அது டிப்ரஷனா இருக்கலாம், அதுக்கு டாக்டர பாக்கணும். இந்த ரெண்டு வாரக் கணக்க காலண்டர்ல குறிச்சு வெச்சிக்கோங்க. நாங்க குறிக்கல, "சின்னப் பொண்ணு, பயப்படறா, சரியாயிடும்"னே ஒரு மாசம் ஓடிப் போச்சு, பிரசவம் பாத்த எடத்துலயும் செக்கப்புக்கு போனப்ப சொன்னேன், "எல்லாருக்கும் இப்படித்தாம்மா"ன்னு சொல்லி சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி குழந்தை பெத்தவங்கள்ல சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சனை வருது, அதுல டிப்ரஷன்தான் அதிகம், நம்ம மாதிரி நாடுகள்ல கிட்டத்தட்ட 20 சதவீதம். அஞ்சு பேர்ல ஒருத்தர். உங்க தெருவுல இந்த வருஷம் நடந்த பிரசவங்கள எண்ணிப் பாருங்க.

நம்ம வீட்ல டிப்ரஷன் டிப்ரஷன்னு பேரு சொல்லிட்டு வராது. தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடன்னு இருக்கு, முதுகு வலி, வாய் கசக்குதுன்னு வரும். குழந்தைய தூக்கினாலும் யாரோட குழந்தையவோ தூக்கற மாதிரி இருக்கும், எல்லாரும் சிரிக்கறாங்கன்னு நாமளும் சிரிப்போம். இல்லன்னா நேர்மாறா, குழந்தை மூச்சு விடுதான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்குல கை வெச்சு பாக்கறது, யாரையும் தூக்க விடாம இருக்கறது. சிலருக்கு சோகமே இருக்காது, கோவம் மட்டும்தான், சுள்ளுனு எரிஞ்சு விழுவாங்க, அதைப் பாத்துட்டு "திமிரு"ன்னு பேரு வெச்சிடுவாங்க வீட்ல. சாதாரணமா குளிச்சு தலை வாரி இருக்கற பொண்ணு நாலு நாளா ஒரே நைட்டியில இருந்தா அதையும் கவனிங்க. ஆபரேஷன் ஆனவங்க, குழந்தைய கண்ணாடிப் பெட்டில வெச்சு பத்து நாள் கழிச்சு கையில வாங்கினவங்க, இதுக்கு முன்னாடி குழந்தை தவறிப் போனவங்க, ஏற்கனவே டிப்ரஷன் வந்தவங்க, வீட்ல அடி ஒதை இருக்கறவங்க, இவங்களுக்கு வர்ற வாய்ப்பு அதிகம், ஒரு கண்ணு வெச்சிக்கிட்டே இருங்க.

இப்ப அரிவாமனை கதைய சொல்லணும், இதை நான் ரொம்ப நாள் யார்கிட்டயும் சொன்னதில்ல. இருபத்திரெண்டாவது நாளோ என்னமோ, தண்ணி குடிக்க சமையக்கட்டுக்கு போனேன், குழந்தை தோள்ல, அரிவாமனை செவுத்து ஓரமா சாஞ்சிருந்துச்சு. சடார்னு கண்ணு முன்னாடி ஒரு காட்சி, குழந்தைக்கு அதால என்னமோ ஆகற மாதிரி. உடம்பெல்லாம் வேர்த்துடுச்சு. ஓடி வந்து குழந்தைய அம்மா மடியில போட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் அந்த அரிவாமனைய எடுத்து பழைய துணில சுத்தி அரிசி டிரம்முக்குப் பின்னாடி சொருகிட்டேன். காலையில அம்மா தேடறாங்க, காய் நறுக்கணும், எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அப்புறம் நான் சமையக்கட்டுப் பக்கமே போகல, குழந்தைய குளிப்பாட்டற எடத்துக்கும் போகல, மாடிப் படி பக்கமும் போகல. நான் ஒரு ராட்சசின்னு நெனச்சேன். இதை வெளிய சொன்னா குழந்தைய பிடுங்கிடுவாங்க, பைத்தியம்னு சொல்லிடுவாங்கன்னு வாய மூடிட்டு இருந்தேன்.

கடைசியா ஒரு மனநல டாக்டர்கிட்ட போனப்ப அந்தம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "அந்த நெனப்பு வந்தா உங்களுக்கு பயமா இருக்கா, இல்ல அப்படி செய்றதுதான் சரின்னு தோணுதா?" பயமா இருக்கு, அதனாலதான் ஒளிச்சு வெச்சேன்னு அழுதேன். அப்பதான் சொன்னாங்க, இந்த மாதிரி வேணாத நெனப்பு பிரசவமான பெண்கள் பாதி பேருக்கு ஏதோ ஒரு விதத்துல வந்து போகும், வர்றதாலயே செஞ்சிடுவாங்கன்னு அர்த்தம் இல்ல, பயந்து ஒதுங்கறதே அந்தக் குழந்தை மேல இருக்கற பாசத்தாலதான், டிப்ரஷனும் பயமும் சேந்து தூக்கமும் இல்லாதப்ப அது திரும்பத் திரும்ப வரும், வைத்தியம் பண்ணா போயிடும்னு. எனக்கு போயிடுச்சு. யாராவது உங்ககிட்ட இப்படி ஒரு நெனப்ப சொன்னா தயவு செஞ்சு அலறாதீங்க, "சொன்னியே நல்லதாப் போச்சு, நான் கூட இருக்கேன், ரெண்டு நாள்ல டாக்டர்கிட்ட போலாம்"னு சொல்லுங்க.

ஆனா அந்த டாக்டர் கேட்ட கேள்விக்கு ரெண்டாவது பதில் வந்தா கதையே வேற. பயம் இல்ல, அப்படி செய்யச் சொல்லி குரல் கேக்குது, இது என் குழந்தையே இல்ல மாத்திட்டாங்க, இதுக்குள்ள சாமி இருக்கு இல்ல கெட்டது இருக்கு, பால்ல விஷம் வெச்சிருக்காங்க, இப்படி பேச ஆரம்பிச்சா. ரெண்டு மூணு நாள் தூங்காமலே களைப்பே தெரியாம ஓடறது, நிறுத்தாம பேசறது, திடீர்னு ஆள் அடையாளம் தெரியாம குழம்பறது. நம்ம பெரியவங்க இதை ஜன்னி கண்டுடுச்சுன்னு சொல்லுவாங்க, சில வீட்ல காத்து கருப்புன்னு சொல்லி வேப்பிலை அடிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. இது பிரசவத்துக்கப்புறம் வர்ற சைக்கோசிஸ், 1000 பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் வரும், பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துல, ரொம்ப வேகமா ஏறும். இதுக்கு நாளைக்கு பாக்கலாம் கிடையாது, அன்னிக்கே, ராத்திரின்னா ராத்திரி, 108க்கு போன் பண்ணி பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிடணும். அதுவரைக்கும் குழந்தைய தனியா அவங்ககிட்ட விடாதீங்க, அவங்களையும் தனியா விடாதீங்க, அவங்க சொல்றத மறுத்து சண்டை போடாதீங்க, கட்டிப் போடறது அடிக்கறது கூடவே கூடாது. சாமிகிட்ட வேண்டிக்கறவங்க வேண்டிக்கோங்க, விபூதி பூசணும்னா பூசிட்டு வண்டில ஏத்துங்க, எங்க வீட்லயும் அதெல்லாம் உண்டு, ஆஸ்பத்திரிக்கு முன்னாடி அங்க போயி மூணு நாள் தங்கறதுதான் வேணாம். சரியான நேரத்துக்கு வைத்தியம் கெடைச்சா இதுலேர்ந்து நல்லா மீண்டு வந்துடுவாங்க.

குழப்பத்தோட காய்ச்சல், பொறுக்க முடியாத தலைவலி, வலிப்பு, கண்ணு மங்கறது இருந்தா அது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல, கர்ப்பப்பையில இன்ஃபெக்ஷன், பிபி, மூளை ரத்தக்குழாய்ல ரத்தம் உறையறது இப்படி எதுவா வேணா இருக்கலாம், அதுவும் எமர்ஜென்சிதான். இந்த எடத்துல ஒண்ணு சொல்லிடறேன், பச்ச உடம்புக்கு தண்ணி ஆகாது, கொஞ்சமா குடின்னு ஒரு பழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கு. தண்ணி கம்மியானா ரத்தம் உறையற ஆபத்து கூடும், பால் குடுக்கற உடம்புக்கு தாகம் வேற அதிகம். வெந்நீரா வேணா குடுங்க, நிறைய குடுங்க. பத்திய சாப்பாட்டுல பூண்டு குழம்பு, மிளகு ரசம், மருந்து உருண்டை எல்லாம் இருக்கட்டும், ஆனா அதையும் வயிறு நிறைய போடுங்க.

கர்ப்பமா இருக்கும்போதே இதெல்லாம் ஆரம்பிக்கலாம், பிரசவத்துக்கு அப்புறம்தான் வரும்னு இல்ல. ஆறாம் மாசம் ஏழாம் மாசத்துல எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கறது, பிரசவத்துல செத்துடுவேன்னு தினம் ராத்திரி பயப்படறது, சாப்பாடு எறங்காம எடை ஏறாம இருக்கறது. வளைகாப்புல கை நெறைய வளையல் போட்டு உக்கார வெச்சிருப்போம், எல்லாரும் போட்டோ எடுப்போம், அந்தப் பொண்ணு மூஞ்ச யாரும் பாத்திருக்க மாட்டோம். நர்ஸம்மா மாசா மாசம் எடை பிபி பாக்கும்போது இதையும் சொல்லலாம், அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். ஏற்கனவே மனசுக்கு மாத்திரை சாப்பிடறவங்க கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே பயந்துட்டு தானா நிறுத்திடறாங்க, அது பெரிய ஆபத்து, சட்டுனு நிறுத்தினா நோய் திரும்பி வேகமா வரும். கர்ப்பத்துக்கு திட்டம் போடும்போதே டாக்டர்கிட்ட பேசிடுங்க, வேல்ப்ரோயேட் மாதிரி சில மாத்திரை வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆகாது, அதை டாக்டரே வேற ஒண்ணுக்கு மாத்திக் குடுப்பாங்க. பைபோலார், அதாவது மனசு ஒரேயடியா ஏறி எறங்கற நோய் இருக்கறவங்க, இல்ல போன பிரசவத்துல சைக்கோசிஸ் வந்தவங்க, கண்டிப்பா பிரசவ டாக்டர்கிட்டயும் மனநல டாக்டர்கிட்டயும் ரெண்டு பேர்கிட்டயும் முன்கூட்டியே சொல்லி வெக்கணும், இவங்களுக்குத்தான் அந்த முதல் ரெண்டு வாரம் ரொம்ப கவனமா இருக்க வேண்டிய நேரம். கல்யாணத்தப்ப மறைச்சிருந்தா கூட டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

அப்புறம் பொண்ணு பொறந்தா மூஞ்ச தூக்கி வெச்சிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. கோவால பண்ணி 2002ல வந்த ஒரு ஆராய்ச்சில பையன எதிர்பாத்து பொண்ணு பொறந்தா அம்மாவுக்கு டிப்ரஷன் வர்ற ஆபத்து கூடறத கண்டுபிடிச்சிருக்காங்க, வீட்ல அடி ஒதையும் அதே மாதிரி ஒரு காரணம். பொறக்கறது ஆணா பொண்ணாங்கறது அப்பாவோட அணுவால முடிவாகற விஷயம். பாக்க வந்து "அடுத்தது பையனா பொறக்கும் விடு"ன்னு சொல்றவங்கள வாசல்லயே காபி குடுத்து அனுப்பிடுங்க. அடி வாங்கற பொண்ணு 181க்கு, பெண்கள் உதவி எண்ணுக்கு, கூப்பிடலாம்.

இப்ப வீட்ல செய்ய வேண்டியது. எல்லாத்துக்கும் மேல தூக்கம், அதுவும் துண்டு துண்டா இல்ல, ஒரே மூச்சுல நாலு அஞ்சு மணி நேரம். எங்க வீட்ல பண்ணது என்னன்னா ராத்திரி ஒம்போது மணிக்கு நான் பால் குடுத்துட்டு, கதவு சாத்தின உள் ரூம்ல தனியா படுத்துடுவேன், குழந்தை அம்மாகிட்ட ஹால்ல. நடுவுல பசிச்சா முன்னாடியே பீச்சி ஃப்ரிட்ஜ்ல வெச்ச பால் கிண்ணத்துல எடுத்து பாலாடையில குடுப்பாங்க, பால் பத்தலன்னா டாக்டர் சொன்ன பவுடர் பால். ரெண்டு மணிக்கு எங்க வீட்டுக்காரர் இல்லன்னா தம்பி, யார் இருக்காங்களோ அவங்க குழந்தைய எங்கிட்ட கொண்டு வந்து குடுப்பாங்க. முதல் மூணு நாள் உள் ரூம்லயும் எனக்கு தூக்கம் வரல, அழுகை சத்தம் கேக்கற மாதிரியே இருந்துச்சு, மாத்திரை ஆரம்பிச்சு பத்து நாள் போல ஆனப்புறம்தான் ஒரு நாள் கண்ண மூடி தெறந்தா மணி ரெண்டு. அன்னிக்கு நான் அழுதேன், சந்தோஷத்துல. பவுடர் பால் ஒரு வேளை குடுத்தா உலகம் முடிஞ்சிடாது, இதுக்காக யாரும் அந்தப் பொண்ண பேசாதீங்க, தாய்ப்பால் நல்லதுதான், தாய் அதை விட முக்கியம்.

பாக்க வர்றவங்களுக்கு ஒரு நேரம் வெச்சிடுங்க, சாயந்திரம் அஞ்சுலேர்ந்து ஆறு, அவ்ளோதான். வர்றவங்க குழந்தைய தூக்கறதுக்கு பதிலா ஒரு வாளி துணி அலசிப் போட்டா அதுதான் பெரிய உதவி. தீட்டு காலம்னு இருட்டு ரூம்ல ஒரு மாசம் உக்கார வெக்காதீங்க, காலையில பத்து நிமிஷம் மாடியிலயோ வாசல்லயோ வெயில்ல உக்காரட்டும். எங்க வீட்டுக்காரர் நாப்பது நாள் ஆனப்புறம் சாயந்திரத்துல வண்டில தேவனாம்பட்டினம் பீச்சுக்கு கூட்டிட்டுப் போவாரு, குழந்தை வீட்ல, நாங்க ஒண்ணும் பேச மாட்டோம், அரை மணி நேரம் அலைய பாத்துட்டு வருவோம்.

எங்க போறது யார பாக்கறதுன்னு தெரியலன்னா முதல்ல 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10லேர்ந்து நடக்குது, காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். அந்தப் பொண்ணேதான் பேசணும்னு இல்ல, அம்மாவோ வீட்டுக்காரரோ பேசி என்ன பண்ணலாம்னு கேக்கலாம். கடலூர்ல இருக்கறவங்க மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவுக்கு போலாம், சிதம்பரம் பக்கம்னா அங்க இருக்கற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. பாண்டில ஜிப்மர்ல மனநலத் துறை பெருசா இருக்கு, நம்ம ஜில்லா ஆளுங்க பாதி பேர் எப்படியும் எல்லாத்துக்கும் கோரிமேடுதான போறோம். காலையில சீக்கிரமே போயி ஓபி சீட்டு எடுத்துடணும், லைன் நீளமா இருக்கும், அதனால ரெண்டு பேர் கூட போங்க, ஒருத்தர் லைன்ல நிக்க ஒருத்தர் குழந்தைய பாத்துக்க. பிரசவத்து பேப்பர், சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாம் ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கோங்க. தனியா மனநல டாக்டர்கிட்ட போக கூச்சமா இருந்தா பிரசவம் பாத்த டாக்டர்கிட்டயோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கிட்டயோ தொடங்கலாம், ஆனா அங்க "எல்லாருக்கும் இப்படித்தான்"னு சொன்னா அதோட திரும்பி வந்துடாதீங்க, நான் திரும்பி வந்ததாலதான் சொல்றேன்.

உள்ள போனா என்ன சொல்றதுன்னு தடுமாறுவோம், வாய் அடைச்சிடும், வெளிய வந்தப்புறம்தான் எல்லாம் ஞாபகம் வரும். போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. எத்தன நாளா இருக்கு, ராத்திரி எத்தன மணி நேரம் தூக்கம், சாப்பாடு எப்படி, அழுகை வருதா, குழந்தை மேல என்ன தோணுது, சாகணும்னு நெனப்பு வந்துச்சா, குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா. பேச முடியலன்னா அந்த பேப்பர அப்படியே நீட்டிடுங்க, நான் அதுதான் பண்ணேன். அவங்களே பத்து கேள்வி உள்ள ஒரு பேப்பர் குடுத்தாலும் குடுப்பாங்க, எடின்பரோ கேள்வித்தாள்னு பேரு, 1987ல வந்தது, தமிழ்லயும் இருக்கு, போன ஏழு நாள்ல எப்படி இருந்தீங்கன்னு கேட்டிருக்கும், பத்தாவது கேள்வி தன்னையே காயப்படுத்திக்கற நெனப்பு பத்தினது. அதுக்கு உண்மைய எழுதுங்க, வீட்டுக்காரர் எட்டிப் பாத்தா கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. ரத்த டெஸ்ட்ல ஹீமோகுளோபினும் தைராய்டும் பாக்கச் சொல்லி கேளுங்க, பிரசவத்துக்கு அப்புறம் தைராய்டு ஏறி எறங்கறது சிலருக்கு நடக்கும், அதுவும் இதே மாதிரி களைப்பையும் படபடப்பையும் குடுக்கும்.

மாத்திரைன்னு வந்தா எல்லார் வாய்லயும் ரெண்டு கேள்வி, பால் குடுக்கலாமா, பழக்கமாயிடுமா. டிப்ரஷனுக்கு பால் குடுக்கற அம்மாக்களுக்கு அதிகமா எழுதறது செர்ட்ராலின், அது பால்ல ரொம்ப ரொம்ப கம்மியாதான் போகும், அதனால பெரும்பாலும் பால் குடுத்துக்கிட்டே சாப்பிடலாம், உங்க குழந்தை குறை மாசம்னா அதை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. இது போதை மாத்திரை இல்ல, ஆனா வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், முதல் வாரத்துல குமட்டல் வரலாம், அதோட நிறுத்திட்டு வேலை செய்யலன்னு சொல்றவங்க நிறைய பேர். நல்லானப்புறமும் ஆறு மாசமாவது தொடரச் சொல்வாங்க, எப்ப கொறைக்கணும்னு அவங்களே சொல்வாங்க. தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தா அந்த ராத்திரி குழந்தைய பக்கத்துல போட்டு படுக்கக் கூடாது, தொட்டில்லயோ வேற ஆள்கிட்டயோ இருக்கணும். மாத்திரை அட்டை வீட்டுல வேற யார்கிட்டயாவது இருக்கட்டும், சாகற நெனப்பு இருக்கறவங்க வீட்ல பூச்சி மருந்து மாதிரி எதுவும் கைக்கு எட்டற எடத்துல வேணாம், பண்ருட்டி குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரி கரும்பு வெச்சிருக்கற வீடுங்க இதை நல்லா கவனிங்க, வேற எடத்துல பூட்டி வெச்சிடுங்க.

லேசா இருந்தா மாத்திரை இல்லாம பேசியே சரி பண்ணவும் முடியும். கோவால, ஊர்லயே இருக்கற சாதாரண அம்மாக்களுக்கு பயிற்சி குடுத்து கர்ப்பிணிகள் வீட்டுக்கு அனுப்பி உக்காந்து பேச வெச்சு பாத்திருக்காங்க, பலன் இருந்திருக்கு. அட்மிட் பண்ணணும்னு சொன்னா குழந்தைய பிரிச்சிடுவாங்கன்னு பயப்படாதீங்க, 2017 மனநலச் சட்டத்துல மூணு வயசுக்குள்ள இருக்கற குழந்தைய சாதாரணமா அம்மாகிட்டேர்ந்து பிரிக்கக் கூடாதுன்னே இருக்கு, குழந்தைக்கு ஆபத்து இருந்தாத்தான் கொஞ்ச நாளைக்கு பிரிப்பாங்க. பெங்களூர்ல நிம்ஹான்ஸ்ங்கற பெரிய மனநல ஆஸ்பத்திரில அம்மாவும் குழந்தையும் சேந்து தங்கற வார்டே 2009லேர்ந்து இருக்கு.

இது முதல் மாசத்தோட முடியற விஷயம் இல்ல, ஒரு வருஷம் வரைக்கும் எப்ப வேணா வரலாம். மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ புருஷன் வீட்ல கொண்டு போயி விட்டப்புறம் நிறைய பேருக்கு அங்கதான் ஆரம்பிக்குது, தாய் வீட்ல நாலு கை இருந்துச்சு, இங்க சமையலும் குழந்தையும் ஒத்த ஆளு. அதனால நான் சொல்ற ஒரு வழி, குழந்தைக்கு 45ஆம் நாள், 75ஆம் நாள், 105ஆம் நாள் தடுப்பூசி போட எப்படியும் போறோம், அப்புறம் ஒம்போதாம் மாச ஊசி. அந்த நாள்ல எல்லாம் அம்மாகிட்டயும் தூக்கம், பயம், சாகற நெனப்பு பத்தி மேல சொன்ன அந்த மூணு கேள்விய கேட்டுடுங்க. மாமியார் வீட்ல இருக்கறவங்ககிட்ட போன்ல கேக்கும்போது ஆமா இல்லன்னு மட்டும் சொல்ற மாதிரி கேளுங்க, பக்கத்துல ஆள் இருந்தாலும் பதில் சொல்லிடலாம். புருஷன்மாருங்களுக்கும் பத்து பேர்ல ஒருத்தருக்கு இது வரும், ஆம்பளைங்க சொல்ல மாட்டாங்க, வீட்டுக்கே லேட்டா வருவாங்க, அவரையும் ஒரு தடவை உக்கார வெச்சு கேளுங்க.

இந்த வருஷம் எங்க தம்பி பொண்டாட்டிக்கு கார்த்திகையில தேதி குடுத்திருக்காங்க. நம்ம ஊருக்கு கார்த்திகை மார்கழி புயல் காலம், 2011ல தானே புயல், 2024ல ஃபெஞ்சல் புயல், தென்பெண்ணையில தண்ணி வந்தா ரோடே இருக்காது. அவ ஏற்கனவே செர்ட்ராலின் சாப்பிடறா, டாக்டர் நிறுத்த வேணாம்னு சொல்லிட்டாங்க, அதனால பிரசவப் பையோட ஒரு மாசத்து மாத்திரை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வெச்சிருக்கோம், பவர் பேங்க், சீட்டு ஜெராக்ஸ், பீரோ கதவு உள்பக்கம் 14416, 108 ரெண்டு நம்பரும் பெருசா எழுதி ஒட்டியாச்சு. ராத்திரி யார் யாருக்கு எந்த ஷிஃப்ட்னு அம்மா இப்பவே தம்பிகிட்ட சொல்லிட்டாங்க, ஒம்போதுலேர்ந்து ரெண்டு அம்மா, சனி ஞாயிறு தம்பி, புதன்கிழமை நான் போறேன். நேத்து அம்மா அவகிட்ட போன்ல பேசிட்டு இருந்தாங்க, சாப்டியா மாத்திரை போட்டியா எல்லாம் கேட்டுட்டு, ராத்திரி தூக்கம் வருதாம்மான்னு கேட்டாங்க, அந்தப் பக்கம் அவ என்னமோ சொல்ல ஆரம்பிச்சா, அம்மா அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காந்துட்டாங்க கேக்கறதுக்கு.